டோக்கன் அக்காவின் பலகை

என்னைவிட அவர் நாலு வயது இளையவர். ஆனாலும் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், அவர் என்னை அண்ணே என்கிறார். எங்கள் தீயணைப்பு நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இரண்டு நாள் குழம்பிவிட்டு, பிறகு வயதைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிடுவார்கள். நிலையத்தில் மொத்தம் இருபத்திரண்டு பேர். மற்ற இருபத்தொரு பேருக்கும் அவர் டோக்கன் அக்காதான். எங்கள் பம்ப் டிரைவருக்கு ஐம்பத்தெட்டு வயது, அவரை எல்லோரும் பெரியப்பா என்போம். அந்தப் பெரியப்பாவும் அவரை அக்கா என்று கூப்பிடுவதுதான் இதில் பெரிய கூத்து.

டோக்கன் என்பது பித்தளையில் செய்த வட்ட வில்லை. புகைக்குள் போகிறவன் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, முகத்தில் முகமூடி மாட்டிக்கொண்டு போவான். அந்த சிலிண்டரின் வாரில் அவனுடைய எண் பொறித்த டோக்கன் தொங்கும். கட்டடத்துக்குள் நுழையும் முன் அதைக் கழற்றி வாசலில் நிற்கும் பலகைக்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பலகையில் மாட்டி, சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது, எத்தனை மணிக்கு உள்ளே போனான், எத்தனை மணிக்குள் வெளியே வந்தாக வேண்டும் என்று பென்சிலால் எழுதுவார். வெளியே வந்ததும் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே, பலகை காலி என்றால் எல்லோரும் வெளியே. சட்டம் அவ்வளவுதான்.

அந்தப் பலகையை ஏழு வருடம் பிடித்துக்கொண்டு நின்றவர் டோக்கன் அக்கா. அந்த ஏழு வருடமும் அவரோடு தினம் மல்லுக்கட்டியவன் நான்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள். வாசலில் கரும்புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருக்கும். உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. எனக்குக் கால் தரையில் பாவாது. அக்காவோ என் தோளைப் பிடித்து நிறுத்தி, சிலிண்டரில் காற்றின் அளவைக் காட்டும் முள்ளைக் குனிந்து பார்த்து, நிதானமாக எழுதுவார்.

"உள்ள ஆள் மாட்டியிருக்கானோ என்னமோ, நீங்க இங்க சினிமா டிக்கெட் கிழிக்கிற மாதிரி நிக்கிறீங்களே!" என்று கத்துவேன்.

"நூத்தித் தொண்ணூறு. பதினொன்னு இருபத்திரண்டுக்கு வெளிய இருக்கணும். இப்ப போங்க அண்ணே" என்பார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது.

வெளியே வந்ததும் இன்னொரு கழுத்தறுப்பு. டோக்கனை அவரவர் கையால்தான் எடுக்க வேண்டும். நான் என் கூட்டாளி நெட்டையிடம், "எனக்கும் சேர்த்து வாங்கிட்டு வாடா" என்று சொல்லி அனுப்பினால் கொடுக்க மாட்டார். "ஆளைக் காட்டச் சொல்லு" என்று திருப்பி அனுப்புவார். நெட்டை ஆறடி மூன்றங்குலம். அவன் குனிந்து கெஞ்சியும் பலித்ததில்லை. நான் இருமிக்கொண்டே எழுந்து போய்த் தலையைக் காட்டிவிட்டு வாங்கி வர வேண்டும்.

அவர் இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். இருபத்தொன்பதாவது வயதில் தேர்வு எழுதி, மூட்டைதூக்கி ஓடும் பரீட்சையில் இரண்டு ஆண்களைப் பின்னால் விட்டு, எங்கள் நிலையத்தின் முதல் பெண்ணாக உள்ளே வந்தார். வந்தவரை என்ன செய்வது என்று எங்கள் நிலைய அதிகாரிக்குத் தெரியவில்லை. யாருக்கும் பிடிக்காத வேலை பலகை வேலை, அதைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார். அக்கா அதைப் பிடித்த பிடியில், அது யாருக்கும் பிடிக்காத வேலை என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று.

"பஸ்ல ஏறினவங்க எல்லாரும் இறங்கிட்டாங்களான்னு பார்க்காம நான் வண்டியை டிப்போவுக்கு விட்டதில்ல. தூங்கிட்டு இருப்பாங்க, குழந்தை சீட்டுக்கு அடியில கிடக்கும். தலையை எண்ணணும் அண்ணே" என்று ஒருநாள் சொன்னார். நான் சிரித்தேன். பஸ்ஸும் புகையும் ஒன்றா என்று கேட்டேன்.

எங்கள் நிலையம் நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் காய்கறிச் சந்தை, இன்னொரு பக்கம் பெரிய மருத்துவமனை, எதிரே ஏழு மாடி அலுவலகங்கள். நாளுக்குப் பன்னிரண்டு அழைப்பாவது வரும். அதில் பாதி தீயே இல்லை. லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள், மாடிப்படிக் கம்பிக்குள் தலையை விட்டுக்கொண்ட குழந்தை, விரல் வீங்கி மோதிரம் கழலாத மாப்பிள்ளை, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, கதவைத் திறப்பதற்காகவே "உள்ள புகை வருது" என்று பொய் சொல்லும் புண்ணியவான்கள். மோதிரம் வெட்டுவதில் அக்கா கைகாரி. வலிக்கிறது என்று அலறுகிறவரிடம் கல்யாணம் ஆன கதையைக் கேட்பார். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் மோதிரம் அக்காவின் கைக்கு வந்துவிடும்.

எங்கள் சமையலறைச் சுவரில் ஆளுயர எழுத்தில் ஒரு வாசகம் இருக்கிறது: "மணி அடித்தால் முதலில் அடுப்பை அணை." அதை எழுதியவர் அக்கா. ஒருமுறை நாங்கள் ஊரில் எரிந்த தீயை அணைக்கப் போயிருந்தபோது இங்கே எங்கள் சட்டி தீப்பிடித்து, பக்கத்து மருத்துவமனைக் காவலாளி சுவரேறிக் குதித்து வந்து அணைத்தார். அந்த ஆள் இன்றைக்கும் எங்களைப் பார்த்தால், "எல்லாம் நல்லா இருக்கா? அடுப்பு பத்திரமா?" என்று விசாரிப்பார். அடுப்பை அணைக்காமல் ஓடியவன் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. நான்தான்.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது, உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு வருடத்தின் முதல் வாரத்திலும் ஒரு விண்ணப்பம் எழுதி அதிகாரி மேசையில் வைப்பார். மற்றவர்களைப் போலவே எல்லாப் பயிற்சியும் முடித்தவர். கண்ணைக் கட்டிவிட்டால்கூட எண்பது விநாடியில் சிலிண்டர் மாட்டுவார். அதிகாரி படித்துவிட்டு, "உன்னை விட்டா பலகைக்கு ஆள் ஏதும்மா? நீ நின்னாத்தான் எனக்கு நிம்மதி" என்பார். ஒருவரைப் பாராட்டிப் பாராட்டியே ஒரே இடத்தில் ஆணி அடித்து வைக்க முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். அக்கா தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். அன்று சாயங்காலம் மட்டும், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளோடு போனில் பேசும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அவர் கணவர் அந்தக் குரலை வைத்தே கண்டுபிடித்து, "இந்த வருஷமும் இல்லையா?" என்று கேட்பாராம்.

நானாவது அவருக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. வெளியே நின்று கடிகாரம் பார்க்கிற வேலைதானே, அதில் என்ன பெரிய வருத்தம் என்று நினைத்திருந்தேன். நெட்டையிடம் அதைச் சிரிப்பாகச் சொல்லியும் இருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையவேண்டும் போலிருக்கிறது.

செருப்புக்கடை பற்றி எரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு. கடை தரைத்தளத்தில், கிடங்கு அதற்குக் கீழே அடித்தளத்தில். கிடங்கில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு இரும்புக் கதவு. தீ பின்னறையில். ஆயிரக்கணக்கான அட்டைப்பெட்டிகள், உள்ளே ரப்பர் செருப்புகள். ரப்பர் புகை என்றால் டார்ச் வெளிச்சம் உள்ளங்கை வரைக்கும்தான் வரும். கடைக்குள்ளிருந்து ஒரு படி கிடங்குக்கு இறங்குகிறது. பக்கத்துச் சந்தில் சாமான் இறக்குவதற்காக இன்னொரு சின்னப் படி. அக்கா பலகையோடு கடை வாசலில் நின்றார். இரண்டிரண்டு பேராக ஆறு பேர் உள்ளே போனோம். நானும் நெட்டையும் குழாயோடு பின்னறை வரை போய் அடித்தோம். நேரம் முடிந்ததும் கடைசியாக வெளியே வந்தோம்.

என் கையால் டோக்கனை எடுத்து வாரில் மாட்டினேன். நெட்டை தண்ணீர் குடிக்க வண்டிக்குப் போனான். நான் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு சந்துப் பக்கம் நடந்தேன். சுவரின் அடியில் இருந்த காற்றுத் துளைகளில் புகை எப்படி வருகிறது என்று பார்க்கத்தான் போனேன். அங்கே நிற்கும்போதுதான் நினைவு வந்தது. அந்த இரும்புக் கதவை நான் மூடவில்லை.

கடைசியாக வெளியே வருகிறவன் கதவை மூடிவிட்டு வர வேண்டும். மூடாவிட்டால் தீக்குக் காற்றும் கிடைக்கும், முன்னறைக்கு வழியும் கிடைக்கும். முதல் வாரப் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது இது. பதினாறு வருடம் வேலை செய்தவன் மறந்துவிட்டேன். நெட்டையிடம் சொன்னால் ஒரு வருடத்துக்கு என்னை ஓட்டித் தள்ளுவான், ஏற்கெனவே அடுப்புக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. சந்துப் படி எதிரிலேயே இருந்தது. எட்டே எட்டுப் படி. நிரம்பியிருந்தால் இருநூறு காட்டும் முள் எழுபதில் நின்றது. இரண்டு நிமிட வேலை என்று நினைத்தேன். முகமூடியை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். தனியாக, வாக்கிடாக்கி இல்லாமல், டோக்கனை முதுகிலேயே வைத்துக்கொண்டு.

கதவு வரைக்கும்கூடப் போய்ச் சேரவில்லை. வெப்பத்தில் இளகிப்போயிருந்த பெட்டி அடுக்கும் ஒரு இரும்பு ராக்கு, மேலே இருந்த பெட்டிகளோடு சாய்ந்தது. என் இடது கால் கணுக்காலோடு அதன் அடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. கொஞ்ச நேரத்தில், காற்று குறைந்தால் தானாக ஊதும் விசில் என் தோளுக்குப் பின்னால் ஊத ஆரம்பித்தது. நிதானமாக மூச்சு விட்டால் எட்டு நிமிடம். நான் நிதானமாக இல்லை.

அந்த இருட்டில் முதலில் மனைவி நினைவு வந்தது என்று எழுதினால் அவள் சந்தோஷப்படுவாள். ஆனால் உண்மையில் முதலில் என் கண்முன் வந்தது பலகைதான். பலகை காலியாக இருக்கும். அதில் என் டோக்கன் இல்லை. என்னைத் தேடி யாரும் உள்ளே வருவதற்கு வெளியே ஒரு காரணமும் இல்லை.

வெளியே நடந்ததைப் பெரியப்பா எனக்கு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலத்தான் கேட்கிறேன்.

அதிகாரி இனி ஆளை உள்ளே அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அடித்தளம் முழுக்க நுரையை நிரப்பிவிடுவது என்று திட்டம். பெரிய விசிறி வைத்த நுரை மெஷினைக் கடைப் படியின் வாயில் பொருத்தினார்கள். நுரை நிரம்பினால் கிடங்கில் சத்தமும் கேட்காது, வழியும் தெரியாது. அதற்குள் ஒருவன் படுத்திருந்தால் அவனைத் தேடி எடுப்பது நடக்கிற காரியம் இல்லை. அதிகாரி கையை உயர்த்திக்கொண்டே அக்காவிடம் கேட்டார்.

"எல்லாரும் வெளியயா?"

"பலகை காலி சார்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு, திரும்பி வண்டிப் பக்கம் பார்த்தார். வெளியே வருகிறவர்கள் கழற்றிப் போடும் சிலிண்டர்களுக்காக அங்கே ஒரு தார்ப்பாய் விரித்திருப்போம். "ஒரு நிமிஷம் சார். சிலிண்டர் அஞ்சுதான் கிடக்கு."

"எவனாவது கழட்டாம சுத்திக்கிட்டு இருப்பான். பலகை என்ன சொல்லுது?"

"காலின்னுதான் சொல்லுது."

"அப்புறம் என்னம்மா?"

"என் பலகை பொய் சொல்லுது சார்."

இந்த இடத்தில் பெரியப்பா எப்போதும் கொஞ்சம் நிறுத்துவார். ஏழு வருடத்தில் அந்தப் பலகை ஒருநாளும் தப்பியதில்லை. மேலதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்த பலகை அது. அதில் ஒரு பென்சில் கோடு கோணலாக விழுந்தாலும் அழித்துவிட்டு எழுதுகிற பெண், எல்லோர் முன்னாலும் அதைப் பொய் என்று சொன்னார்.

"அண்ணன் எங்கடா?" என்று அக்கா நெட்டையைக் கேட்டார்.

"சந்துப் பக்கம் போனாரு. இங்கதான் எங்கயாவது யார்கிட்டயாவது சண்டை போட்டுக்கிட்டு இருப்பாரு."

அக்கா சந்துக்கு ஓடினார். யாரும் இல்லை. என் பெயரைக் கத்திக் கூப்பிட்டார். பம்பின் இரைச்சலில் அவர் குரலே அவருக்குக் கேட்டிருக்காது. திரும்பி ஓடிவந்து, "பெரியப்பா, பம்பை நிறுத்துங்க!" என்றார்.

வேலை நடக்கும்போது பம்பை நிறுத்தச் சொல்ல அதிகாரி ஒருவருக்குத்தான் உரிமை. பக்கத்துக் கட்டடத்துச் சுவர் சூடேறாமல் இரண்டு குழாய் அதன்மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வாயைத் திறப்பதற்குள் பம்பை நிறுத்திவிட்டார். "ஏன் நிறுத்தினேன்னு கேட்காத. அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பார்த்தேன், கை தானாப் போச்சு" என்பார் என்னிடம்.

தெரு அமைதியானது. அக்கா சந்தில் மண்டியிட்டு, சுவரடிக் காற்றுத் துளைகளில் ஒவ்வொன்றாகக் காதை வைத்தார். முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் தீயின் சத்தம். மூன்றாவதில் விசில்.

அவர் எழுந்து வந்து சிலிண்டரை மாட்டிக்கொண்டதைப் பார்த்து அதிகாரி, "நீ எங்க போற? பலகையை விட்டு நகரக் கூடாது, தெரியும்ல?" என்றார். அக்கா தன் வாரிலிருந்த டோக்கனைக் கழற்றினார். ஏழு வருடத்தில் ஒருமுறையும் பலகையில் தொங்காத டோக்கன். அதை அதிகாரியின் உள்ளங்கையில் வைத்து, பென்சிலையும் கொடுத்தார்.

"இருநூறு சார். நேரம் எழுதிக்கோங்க."

பின்னாலேயே நெட்டையும் தன் டோக்கனைக் கொடுத்தான். இரண்டு தோள்பட்டை நட்சத்திரங்களோடு எங்கள் அதிகாரி பலகையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். எட்டு என்று எழுத வேண்டியதை மூன்று தடவை அழித்து எழுதினாராம்.

உள்ளே என் முகமூடி முகத்தோடு ஒட்ட ஆரம்பித்திருந்தது. காற்று தீர்ந்தால் அப்படித்தான், இழுத்தாலும் வராது. தலைக்குள் ஏதோ தூரத்தில் மணி அடிப்பது போல இருந்தது. அப்போது ஒரு கை என் தோளில் விழுந்தது, வாரைத் தடவியது, டோக்கனைப் பிடித்துப் பார்த்தது. யார் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. வேறு யார் அந்தப் புகையில் முதலில் டோக்கனைத் தேடுவார்கள்?

நெட்டை ராக்கைத் தூக்கினான். அக்கா என் அக்குளில் கைகொடுத்து இழுத்தார். எட்டுப் படி. வெளிச்சம். யாரோ முகமூடியைப் பிடுங்கினார்கள். அந்த முதல் மூச்சில் செருப்பு நாற்றமும் சாக்கடை நாற்றமும் சேர்ந்து வந்தது. அதைப்போல இனிமையான ஒன்றை நான் என் வாழ்நாளில் உள்ளே இழுத்ததில்லை.

ஸ்ட்ரெச்சரில் என்னைத் தூக்கப் போனார்கள். "இருங்க" என்றார் அக்கா. என் வாரிலிருந்து டோக்கனைக் கழற்றி, அதிகாரி கையிலிருந்த பலகையில் மாட்டினார். பலகையை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார்.

"எடுங்க."

"அக்கா, கால் உடைஞ்சு கிடக்கு..."

"கை நல்லாத்தான் இருக்கு. எடுங்க அண்ணே."

எடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் திட்டிக்கொண்டே ஆம்புலன்சில் ஏறினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் மருத்துவமனைக்கு வந்தார். கையில் பழமும் இல்லை, பூவும் இல்லை. இரண்டு பக்க அறிக்கை இருந்தது. நான் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். "டோக்கன் தராமலும், துணை இல்லாமலும், யாருக்கும் தெரிவிக்காமலும் உள்ளே சென்றார்" என்று மணிமணியான எழுத்தில் இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"புகையில வழி தவறிட்டாருன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? உயிரைக் காப்பாத்திட்டு வேலைக்கு உலை வைக்கிறீங்களே!"

பக்கத்தில் இருந்த என் மனைவி காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி, முழுதும் படித்தாள். இரண்டாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். "சந்துப் படியில் காவலுக்கு ஆள் நிறுத்தாதது என் தவறு. அனுமதி இன்றிப் பலகையை விட்டு நகர்ந்ததும் என் தவறு. இரண்டுக்கும் உரிய தண்டனையை ஏற்கிறேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். "எழுதினதெல்லாம் நடந்ததுதானே?"

"நடந்ததுதான். அதுக்காக..."

"அப்ப போடுங்க கையெழுத்தை. இல்ல, நானே போட்டுடட்டுமா? உங்க கையெழுத்து எனக்கு நல்லாவே வரும்." பிறகு அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொல்ல ஆரம்பித்தாள். அக்கா, "விடுங்க, விடுங்க" என்று அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் என்னை அறையில் ஒரு நாற்காலி அளவுக்குக்கூட மதிக்கவில்லை.

தண்டனை உத்தரவு இரண்டு வாரத்தில் வந்தது. எனக்கு ஒரு வருடம் புகைக்குள் போகத் தடை, கால் சரியானதும் பலகை வேலை. அக்காவுக்கு வந்த உத்தரவை எங்கள் அதிகாரியே எழுதியிருந்தார். மனிதர் ஏழு வருடத்தில் செய்த ஒரே குறும்பு அதுதான். "பலகையை விட்டு நகர்ந்த குற்றத்துக்காக, இவர் பலகை வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். இனி உள்ளே செல்லும் அணியில் பணியாற்ற வேண்டும்." நெட்டை அதைச் சமையலறையில் நாற்காலி மேல் ஏறி நின்று வாசித்தான். பெரியப்பா கைதட்டினார். அன்று சாயங்காலம் அக்கா மகளிடம் போனில் பேசியது சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

எல்லாம் ஆயிற்று, நான் மட்டும் ஒரு நன்றி சொல்லவில்லை. முதலில் கோபம், அப்புறம் வெட்கம். நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. பணி முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மனைவி கேட்பாள், "சொல்லிட்டீங்களா?" நான் குளிக்கப் போய்விடுவேன்.

நாலு மாதம் கழித்து, மத்தியானம் இரண்டு மணிக்கு, எதிர்த் தெரு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் பழைய கோப்புகள் வைத்திருந்த அறை பிடித்துக்கொண்டது. நான் படிக்கட்டின் அடியில் பலகையோடு நின்றேன். அக்காவும் நெட்டையும் என் முன்னால் வந்து நின்றார்கள். நெட்டையின் டோக்கனை மாட்டினேன். அக்காவின் முள்ளைக் குனிந்து பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றைந்து. எழுதினேன். அவர் டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டும், மாட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"போகட்டுமா அண்ணே?"

"ம்... ரெண்டு முப்பத்தொன்னுக்கு வெளிய இருக்கணும்."

போய்விட்டார்கள். புகை படிக்கட்டில் கீழே இறங்கி வந்தது. அதுவரை நான் உள்ளே போகிறவனாகவே இருந்திருக்கிறேன். உள்ளே இருக்கும்போது செய்வதற்கு ஏதாவது இருக்கும், பயப்பட நேரம் இருக்காது. வெளியே நிற்பவனுக்குப் பயப்படுவதைத் தவிர வேறு வேலையே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஆகியிருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தையின் அம்மா மேலே இருக்கிறார், அவர் திரும்பி வர வேண்டிய நேரம் என் பென்சிலில் இருக்கிறது. வாக்கிடாக்கியை எடுத்து, நிலைமை என்ன என்று கேட்டேன். ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி கேட்டேன்.

"அண்ணே, வேலை செய்ய விடுங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்" என்றது அக்காவின் குரல்.

இரண்டு இருபத்தொன்பதுக்குப் படி வளைவில் ஒரு பூட்ஸ் தெரிந்தது. அக்கா இறங்கி வந்து முகமூடியைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் சிரிப்பு. கையை நீட்டினார்.

"டோக்கன்."

என் விரல்கள் திறக்கவில்லை. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன். அக்கா என் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏழு வருஷமா இப்படித்தான் நின்னீங்களா?" என்று கேட்டேன்.

"எப்படி?"

"இப்படி. வயித்தைப் பிசைஞ்சுக்கிட்டு."

"ஆமா."

"நான் போகும்போதெல்லாமா?"

"எல்லாத் தடவையும்தான் அண்ணே."

"நன்றி அக்கா" என்றேன்.

"அதான் அன்னிக்கே வீட்ல சொல்லிட்டாங்களே."

"அவ அந்த ஒரு நாளுக்குச் சொன்னா. நான் மத்த நாளுக்கெல்லாம் சொல்றேன்."

அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டோக்கனைத் தன் கையால் எடுத்துக்கொண்டார். புறங்கையால் கண்ணைத் துடைத்தபோது கரி கன்னம் முழுக்க இழுபட்டது.

"நெட்டை இன்னும் படியிலதான் வர்றான்" என்றார். "பலகையைப் பாருங்க."

நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றேன்.